மனுவை வாங்கவே மாட்டோம் என்ற சபை... எட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டிய முன்னாள் அதிபர்: யார் இந்த ஜான் குவின்சி ஆடம்ஸ்?

திங்கட்கிழமை காலையில் நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கையில் மடித்த பேப்பரோடு நீண்ட வரிசை. பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று ஆளுக்கொரு குறை. கொடுத்த மனுவுக்குத் தீர்வு கிடைக்குமா என்பது வேறு கதை. ஆனால் மனுவை வாங்கி, சீல் வைத்து, ஒரு நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டால் வந்தவருக்குப் பாதி நிம்மதி. நம்ம பேப்பர் உள்ளே போய்விட்டது என்ற நிம்மதி.

அந்தப் பேப்பரை வாங்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டால்?

சுமார் 190 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இது நடந்தது. குறிப்பிட்ட ஒரு விஷயத்தைப் பற்றி யார் மனு கொடுத்தாலும் படிக்க மாட்டோம், பேச மாட்டோம், குழுவுக்கும் அனுப்ப மாட்டோம் என்று பிரதிநிதிகள் சபை தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டது. அந்த விஷயம், அடிமை முறை. அந்த விதியை உடைக்க எட்டு ஆண்டுகள் சண்டை போட்டவர் ஒரு முன்னாள் அதிபர். பெயர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மனு வாங்குவது, தாக்கல் செய்வது, குழுவுக்கு அனுப்புவது என்று கேட்கும்போதே கொட்டாவி வரவழைக்கிற சபை நடைமுறை விதிகள்தான் இந்தக் கதையின் களம்.

யார் இந்த ஆடம்ஸ்?

1767 ஜூலை 11-ல் மாசசூசெட்ஸில் உள்ள பிரெயின்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்தப் பகுதி குவின்சி என்று அழைக்கப்படுகிறது. அப்பா ஜான் ஆடம்ஸ், அமெரிக்காவின் இரண்டாவது அதிபர். அம்மா அபிகெயில் ஆடம்ஸ். 1775-ல் பங்கர் ஹில் சண்டை நடந்தபோது, எட்டு வயதுகூட நிரம்பாத அந்தச் சிறுவன் அம்மாவோடு குன்றின் மேல் நின்று தூரத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக, நாடு பிறந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை.

பத்து வயதில் அப்பாவோடு கப்பலேறி ஐரோப்பா. பதினான்கு வயதில் ரஷ்யாவுக்குச் சென்ற அமெரிக்கத் தூதருக்குச் செயலாளர். பிறகு ஹார்வர்டில் படிப்பு, வழக்கறிஞர் தொழில். 27 வயதுக்குள் நெதர்லாந்துக்குத் தூதர். நியமித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். அதன் பிறகு பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன். நடுவில் செனட் உறுப்பினர். 1817 முதல் 1825 வரை வெளியுறவு அமைச்சர். ஸ்பெயினிடம் இருந்து புளோரிடாவைப் பெற்றுத் தந்த ஒப்பந்தம் இவர் கைவேலைதான். 1825-ல் அமெரிக்காவின் ஆறாவது அதிபரானார்.

அதிபராக அவர் ஜொலித்தாரா என்றால், இல்லை. 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், பிரதிநிதிகள் சபை வாக்களித்துத்தான் அவர் பதவிக்கு வந்தார். மக்கள் வாக்கில் முன்னால் நின்றவர் ஆண்ட்ரூ ஜாக்சன். பேரம் பேசிப் பதவிக்கு வந்தவர் என்ற பழி நான்கு ஆண்டுகளும் தொடர்ந்தது. 1828 தேர்தலில் அதே ஜாக்சனிடம் தோற்றார். பதவியிறங்கிய அடுத்த மாதமே, 1829 ஏப்ரலில், மூத்த மகனைப் பறிகொடுத்தார்.

அறுபது வயதைத் தாண்டியாயிற்று. தோல்வி வேறு, புத்திர சோகம் வேறு. யாராக இருந்தாலும் ஊருக்குப் போய்ப் புத்தகம், தோட்டம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். இவர் 1830-ல் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அதிபராக இருந்துவிட்டு அந்தச் சபையின் சாதாரண உறுப்பினராக வந்து உட்கார்ந்த ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், பிரதமராக இருந்தவர் அடுத்த தேர்தலில் பின்வரிசை எம்.பி.யாக வந்து, தினமும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

மனு தாக்கல் எப்படி நடந்தது?

இங்கே கொஞ்சம் விதிகளைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் 1791-ல் வந்தது. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, மத உரிமை எல்லாம் அதில் இருப்பது பலருக்கும் தெரியும். அதே திருத்தத்தின் கடைசியில், குறைகளைத் தீர்க்கக் கோரி அரசிடம் மனு கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. இது 1689-ல் இங்கிலாந்தில் வந்த உரிமைச் சட்டத்தில் இருந்து தொடர்ந்து வந்த பழைய உரிமை.

நடைமுறை இப்படி இருந்தது. மக்கள் நேரடியாகச் சபைக்குள் போய் மனு கொடுக்க முடியாது. தங்கள் உறுப்பினருக்கு அனுப்ப வேண்டும். சபாநாயகர் மாநில வாரியாக, வடகோடியில் உள்ள மெயின் மாநிலத்தில் தொடங்கிப் பெயர் சொல்லி அழைப்பார். கூட்டத்தொடரின் முதல் 30 நாட்களில் தினமும் இந்த அழைப்பு உண்டு. அதன் பிறகு வாரத்தின் முதல் அமர்வு நாளில் மட்டும். பெரும்பாலும் அது திங்கட்கிழமை. ஆமாம், அங்கேயும் மனுவுக்குத் திங்கட்கிழமைதான்!

அழைப்பு வந்ததும் உறுப்பினர் எழுந்து, மனு யாரிடமிருந்து வந்தது, என்ன கேட்கிறது என்று சுருக்கமாகச் சொல்வார். அன்றே விவாதம் கிடையாது. பிறகு அந்த மனுவுக்கு மூன்று வழி. ஒன்று, சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பலாம். இரண்டு, கோரிக்கையை நிராகரிக்கலாம். மூன்று, மேசை மேல் வைக்கலாம்.

மேசை மேல் வைப்பது என்றவுடன் நம் நாடாளுமன்றத்தில் அறிக்கைகளை அவையில் வைப்பதை நினைத்துவிட வேண்டாம். இங்கே அதற்கு அர்த்தம், அதிகாரபூர்வமாகச் சமர்ப்பிப்பது. அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். மேசை மேல் வைத்தால், கிடப்பில் போட்டாயிற்று என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மனுவை வாங்குவது வேறு, மனுவில் கேட்டதைக் கொடுப்பது வேறு. கோரிக்கையை ஏற்காத உறுப்பினரும் தன் தொகுதி மக்களின் மனுவைத் தாக்கல் செய்வார். அது தபால்காரர் வேலை மாதிரி. கடிதத்தில் உள்ளதோடு தபால்காரர் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. ஆடம்ஸின் மொத்தப் போராட்டமும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நின்றது.

அவரது முதல் மனு நாளே இதற்கு உதாரணம். 1831 டிசம்பர் 12, திங்கட்கிழமை. தலைநகர் வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையையும் அடிமை வியாபாரத்தையும் ஒழிக்கக் கோரி பென்சில்வேனியாவில் இருந்து வந்த 15 மனுக்களைத் தாக்கல் செய்தார். செய்துவிட்டு, தலைநகரில் அடிமை முறையை ஒழிக்கும் கோரிக்கையைத் தான் ஆதரிக்கவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். அடிமை முறையை அவர் வெறுத்தார். அதே சமயம், இந்த விவாதம் நாட்டை உடைத்துவிடும் என்ற பயமும் அன்று அவருக்கு இருந்தது.

சரி, ஏன் தலைநகரைக் குறிவைத்து மனு?

மாநிலங்களில் அடிமை முறையைத் தொட மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது அன்றைய பொதுவான கருத்து. ஆனால் கொலம்பியா மாவட்டம் எந்த மாநிலத்திலும் சேராது. அதை ஆள்வது நாடாளுமன்றமே. ஆகவே அங்கே ஒழிக்க முடியாது என்று சாக்குச் சொல்ல வழி இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகிலேயே மனிதர்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஊர் அது.

1833-ல் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அச்சடித்த மனுப் படிவங்களோடு தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். இதில் பெரும் பங்கு பெண்களுக்கு. அவர்களுக்கு ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது. அரசின் காதில் ஒரு வார்த்தை போட வேண்டும் என்றால் கையில் இருந்த ஒரே வழி மனு. சமையலறையிலும் தேவாலய வாசலிலும் கையெழுத்து வாங்கி, தாளோடு தாளை ஒட்டி, சுருட்டி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். சபையில் மனுக்கள் குவிய ஆரம்பித்தன.

தெற்கு மாநில உறுப்பினர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1835 டிசம்பரில் தெற்குக் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமண்ட், இந்த மனுக்களைச் சபை வாங்கவே கூடாது என்று கிளப்பினார். அதுவரை மனுவைக் கிடப்பில் போடுவதுதான் வழக்கம். வாசலிலேயே திருப்பி அனுப்புவது புதிது. பல வாரங்கள் ரகளை நீடித்தது.

வாய்ப்பூட்டு விதி வந்த கதை

பிரச்சினையைத் தீர்க்க ஒரு சிறப்புக் குழு போட்டார்கள். தலைவர் ஹென்றி பிங்க்னி. அவரும் தெற்குக் கரோலினாக்காரர். 1836 மே மாதம் குழு மூன்று தீர்மானங்களோடு வந்தது. மாநிலங்களில் அடிமை முறை விஷயத்தில் தலையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது முதலாவது. கொலம்பியா மாவட்டத்திலும் தலையிடக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதில்தான் வில்லங்கம். அடிமை முறை பற்றி எந்த விதத்தில் வந்தாலும், எல்லா மனுக்களும் அச்சிடப்படாமல், குழுவுக்கு அனுப்பப்படாமல், தானாகவே கிடப்புக்குப் போக வேண்டும். அதற்கு மேல் எந்த நடவடிக்கையும் கூடாது.

ஆடம்ஸ் பேச எழுந்தார். சபாநாயகர் நாற்காலியில் டென்னசியைச் சேர்ந்த ஜேம்ஸ் போல்க். அடிமைகளை வைத்திருந்தவர், பின்னாளில் அதிபரானவர். பேச அனுமதி கிடைக்கவில்லை. என் வாயைக் கட்டுகிறீர்களா, இல்லையா என்று ஆடம்ஸ் நேராகவே கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்த விதிக்கு வாய்ப்பூட்டு விதி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

மே 26-ல் வாக்கெடுப்பு. பெயர் கூப்பிட்டால் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆடம்ஸ் முறை வந்தபோது, இந்தத் தீர்மானம் அரசியல் சாசனத்துக்கும், சபை விதிகளுக்கும், தன் தொகுதி மக்களின் உரிமைக்கும் எதிரானது என்று உரக்கச் சொன்னார். உட்காருங்கள், உட்காருங்கள் என்று நாலாபுறமும் கூச்சல். தீர்மானம் 117-க்கு 68 என்ற கணக்கில் நிறைவேறியது.

எண்ணிக்கையில் தெற்கு ஏன் இவ்வளவு பலமாக இருந்தது? மக்கள்தொகையை வைத்துத்தான் சபையில் இடங்கள். அந்தக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகச் சேர்த்துக்கொள்ள அரசியல் சாசனம் அனுமதித்திருந்தது. ஓட்டுப் போட முடியாத அந்த மனிதர்களின் தலைகளே எஜமானர்களுக்குக் கூடுதல் எம்.பி.க்களைத் தந்தன. அந்த எம்.பி.க்கள்தான் அவர்களைப் பற்றிய மனுவைப் படிக்கக்கூடாது என்று வாக்களித்தார்கள். அதோடு வடக்கின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலரும் கட்சி ஒற்றுமைக்காகக் கூட நின்றார்கள்.

ஓட்டை தேடிய கிழவர்

மனுஷர் விட்டாரா என்றால், அதுதான் இல்லை. விதியை வைத்தே விதியை அடிக்க ஆரம்பித்தார்.

முதல் ஓட்டை, விதியின் ஆயுள். இது நிரந்தர விதி இல்லை, தீர்மானம். கூட்டத்தொடர் முடிந்தால் காலாவதி. அடுத்த தொடரில் அதைத் திரும்ப நிறைவேற்றுவதற்குள் கிடைத்த நாட்களில் ஆடம்ஸ் கட்டுக்கட்டாக மனுக்களைத் தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக வாக்கெடுப்பு நடத்தி விதிக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாக்கெடுப்பும் ஒரு செய்தி. அதைப் பத்திரிகையில் படித்தவர்கள் இன்னும் மனு அனுப்பினார்கள்.

இரண்டாவது ஓட்டை, தலைப்பு. அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனு கிடப்புக்குப் போகுமா, சரி. டெக்சாஸைச் சேர்க்காதே என்ற மனு? ஹெய்ட்டியை அங்கீகரி என்ற மனு? இந்த வாய்ப்பூட்டு விதியையே நீக்கு என்ற மனு? ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது விதிக்குள் வருமா, வராதா என்று சபாநாயகரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் கேட்கும் சாக்கில் மனுவின் சாரத்தைச் சொல்லி முடித்துவிடுவார். ஒழுங்குப் பிரச்சினை என்று எதிர்த்தரப்பு எழுவதற்குள் விஷயம் அவைக்குறிப்பில் ஏறியிருக்கும்.

1837 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. அன்று நடந்தது இந்தக் கதையின் உச்சக் காட்சிகளில் ஒன்று. மனுக்களைத் தாக்கல் செய்துகொண்டே வந்த ஆடம்ஸ், கடைசியாக ஒரு தாளை எடுத்தார். தங்களை அடிமைகள் என்று சொல்லிக்கொள்ளும் 22 பேர் கையெழுத்திட்ட மனு இது. இது சபையின் விதிக்குள் வருமா என்று தெரிய வேண்டும் என்று போல்க்கிடம் கேட்டார்.

சபை வெடித்தது. அடிமைகள் மனு கொடுப்பதா? மனுவை எரியுங்கள் என்றார்கள். ஆடம்ஸை வெளியேற்றுங்கள் என்றார்கள். தெற்குக் கரோலினாவின் வாடி தாம்ப்சன் கண்டனத் தீர்மானமே கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் கத்தித் தீர்க்கட்டும் என்று காத்திருந்த ஆடம்ஸ், பிறகு எழுந்து இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தினார். ஒன்று, மனுவைத் தான் தாக்கல் செய்யவே இல்லை. தாக்கல் செய்யலாமா என்றுதான் கேட்டோம். இரண்டு, மனுவில் என்ன இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. அந்த மனு அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை, அதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது!

அந்த மனு அவரைச் சிக்கவைக்க யாரோ அனுப்பிய போலி என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. வைத்த பொறியை அவர் திருப்பி வைத்துவிட்டார். கண்டனத் தீர்மானம் தோற்றது. ஆனால் அதோடு விடவில்லை. அடிமைகளுக்கு மனு கொடுக்கும் உரிமை கிடையாது என்று சபை தனியாக ஒரு தீர்மானம் போட்டது. 162-க்கு 18. சிரிப்பாக ஆரம்பித்த காட்சி இப்படி முடிந்தது. பிரார்த்தனை செய்யும் உரிமையைக் கடவுள்கூட யாருக்கும் மறுப்பதில்லையே, அதைவிடச் சபை பெரிதா என்பது ஆடம்ஸின் வாதம். கேட்க ஆள் இல்லை.

பெண்களுக்கு அரசியல் எதற்கு என்ற கேள்விக்கு...

1838-ல் டெக்சாஸ் இணைப்பை எதிர்த்து வந்த மனுக்களில் ஏராளமானவை பெண்கள் அனுப்பியவை. மேரிலாந்து உறுப்பினர் ஒருவர், வீட்டைக் கவனிக்க வேண்டிய பெண்கள் அரசியலில் மூக்கை நுழைப்பது வருத்தம் தருகிறது என்கிற தொனியில் பேசினார். ஆடம்ஸ் இதற்குப் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் மூன்று வாரம். ஜூன் 16-ல் ஆரம்பித்து ஜூலை 7 வரை, சபை கூடும் நாளெல்லாம் காலை நேரத்தில் தனக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்தில் இருந்து தொடர்வார். வேதாகமத்தில் இருந்தும் வரலாற்றில் இருந்தும் நாட்டுக்காக நின்ற பெண்களைப் பெயர் பெயராக அடுக்கினார். ஓட்டு இல்லாதவருக்கு மனு உரிமையும் இல்லையென்றால், அவர்களுக்கு வேறு என்ன மிச்சம் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

இதற்கிடையே மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கொன்றுவிடுவோம் என்று வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல் சபைக்குப் போனார். பன்னிரண்டு வயதில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை அவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை, 51 தொகுதிகள். இந்தச் சண்டையின் ஒவ்வொரு நாளும் அதில் பதிவாகியிருக்கிறது.

விதி இன்னும் இறுகியது

1840 ஜனவரி 28-ல் எதிர்த்தரப்பு ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு தொடரிலும் தீர்மானம் போடும் தொல்லை வேண்டாம் என்று, வாய்ப்பூட்டைச் சபையின் நிலையான விதிகளில் 21-வது விதியாகச் சேர்த்தார்கள். இப்போது இரண்டு மாற்றங்கள். ஒன்று, விதி தானாகக் காலாவதி ஆகாது. இரண்டு, அதுவரை மனுவை வாங்கிக் கிடப்பில் போட்டார்கள். இனி வாங்கவே மாட்டார்கள்.

ஆனால் வாக்குக் கணக்கைப் பாருங்கள். 114-க்கு 108. நான்கு ஆண்டுகளுக்கு முன் 49 வாக்கு வித்தியாசம். இப்போது வெறும் ஆறு. வடக்கில் காற்று திரும்பிவிட்டது. அடிமைகள் மேல் இரக்கம் வந்ததால் மட்டும் அல்ல. தெற்கின் வசதிக்காக எங்கள் ஊர்க்காரன் கொடுக்கிற மனுவையும் வாங்க மாட்டீர்களா என்ற கோபம். அடிமை முறை பற்றிக் கவலைப்படாத வெள்ளைக்காரருக்கும் தன் உரிமை பறிபோவது உறைத்தது. ஆடம்ஸ் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

1841-ல் அவர் இன்னொரு பெரிய வழக்கையும் கையில் எடுத்தார். அமிஸ்டாட் கப்பலில் கலகம் செய்து தங்களை விடுவித்துக்கொண்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். மார்ச் 9-ல் அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பு வந்தது.

74 வயதில் தேசத்துரோகக் குற்றச்சாட்டு

1842 ஜனவரி 24. மறுபடியும் ஒரு திங்கட்கிழமை. மாசசூசெட்ஸின் ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த 46 பேரின் மனுவை ஆடம்ஸ் எடுத்தார். அவர்கள் கேட்டது அடிமை ஒழிப்பு அல்ல. அமெரிக்க ஒன்றியத்தை அமைதியாகக் கலைத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இந்தக் கோரிக்கையை ஏன் ஏற்கக் கூடாது என்று காரணம் காட்டி அறிக்கை தர ஒரு சிறப்புக் குழு அமைக்க வேண்டும் என்று ஆடம்ஸ் முன்மொழிந்தார். அதாவது, மனுவை வாங்குங்கள், படியுங்கள், முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

தெற்கு உறுப்பினர்கள் சிலர் பிரிந்துபோவோம் என்று வாரம் தவறாமல் மிரட்டிக்கொண்டிருந்தவர்கள். ஆனாலும் கிடைத்தது வாய்ப்பு என்று பாய்ந்தார்கள். கெண்டக்கியின் தாமஸ் மார்ஷல் எழுதிய கண்டனத் தீர்மானம், பொய்ச் சத்தியத்துக்கும் தேசத்துரோகத்துக்கும் துணைபோனதாக ஆடம்ஸ் மேல் குற்றம் சாட்டியது. வர்ஜீனியாவின் ஹென்றி வைஸ் மணிக்கணக்கில் பொரிந்து தள்ளினார்.

குற்றம் சாட்டப்பட்டால் தற்காத்துப் பேச உரிமை உண்டு. அதுவும் விதிதான்! எட்டு ஆண்டுப் போராட்டத்தில், அடிமை முறையைப் பற்றி எந்தத் தடையும் இல்லாமல் பேச ஆடம்ஸுக்குக் கிடைத்த மேடை அதுவே. சபையின் எழுத்தரைக் கூப்பிட்டு, சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியைப் படிக்கச் சொன்னார். அரசை மாற்றவும் கலைக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் ஆவணம் அது. அதைக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. சபையில் எழுந்த சத்தம் கொஞ்சம் அடங்கியது.

தியோடர் வெல்ட் என்ற அடிமை எதிர்ப்புத் தலைவர் நூலகத்தில் உட்கார்ந்து ஆதாரங்களைத் திரட்டித் தர, ஆடம்ஸ் நாள் கணக்கில் பேசினார். இரண்டு வாரம் ஆயிற்று. சபையின் மற்ற வேலைகள் நின்றன. நாடு முழுக்கப் பத்திரிகைகள் இதையே எழுதின. இன்னும் பேச நிறைய இருக்கிறது என்று அவர் சொன்னபோது எதிர்த்தரப்பே களைத்துவிட்டது. பிப்ரவரி 7-ல், கண்டனத் தீர்மானத்தைக் கிடப்பில் போடுவது என்று 106-க்கு 93 என்ற கணக்கில் முடிவானது. எந்த மேசையில் மக்களின் மனுக்களைப் போட்டார்களோ, அதே மேசையில் அவர் மேல் வந்த குற்றச்சாட்டும் போய் விழுந்தது. ஆடம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? கையோடு மிச்சம் இருந்த மனுக்களை எடுத்துத் தாக்கல் செய்ய ஆரம்பித்துவிட்டார். சுமார் 200 மனுக்கள்!

அடுத்த மாதமே அவர் நண்பர் ஒஹையோவின் ஜோசுவா கிடிங்ஸ் மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அவர் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போனார். தொகுதி மக்கள் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கண்டனம் இனி பலிக்காது என்று எல்லோருக்கும் புரிந்தது.

பூட்டு உடைந்த நாள்

1844 டிசம்பர் 3. வாய்ப்பூட்டு விதியை நீக்க வேண்டும் என்ற ஆடம்ஸின் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்பு தெற்கோடு நின்ற வடக்கு ஜனநாயகக் கட்சியினர் பலர் இம்முறை கைவிட்டார்கள். 108-க்கு 80. விதி போயிற்று. ஆடம்ஸுக்கு அப்போது 77 வயது. அன்றைய நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதினார்.

அதே ஆண்டு கனெக்டிகட்டில் இருந்து அவருக்கு ஒரு தந்தக் கைத்தடி பரிசாக வந்திருந்தது. மனு உரிமை வென்றது என்ற பொருளில் அதில் எழுத்துப் பொறித்திருந்தார்கள். விதி நீங்கும் நாளைப் பொறிக்க இடமும் விட்டிருந்தார்கள். விலையுயர்ந்த பரிசுகளை வாங்குவது ஆடம்ஸுக்கு வழக்கம் இல்லை. தடியை அரசின் காப்புரிமை அலுவலகத்தில் ஒப்படைத்தார். டிசம்பர் 3-க்குப் பிறகு அந்த இடத்தில் தேதி ஏறியது.

உடனே எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. மனுக்களைச் சபை வாங்கியது, குழுவுக்கு அனுப்பியது; குழுவில் அவை தூங்கின. தலைநகரில் அடிமை வியாபாரத்துக்குத் தடை 1850-ல்தான் வந்தது. அடிமை முறையே ஒழிந்தது 1862 ஏப்ரல் 16-ல். நாடு முழுக்க ஒழிந்தது 1865-ல், பெரிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு. இதில் எதையும் ஆடம்ஸ் பார்க்கவில்லை. 1848 பிப்ரவரி 21-ல் சபையில் தன் இருக்கையிலேயே மயங்கிச் சரிந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகும் நிலை இல்லை. அதே கட்டடத்தில் சபாநாயகர் அறையில் இரண்டு நாள் கழித்து, 23-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 80. அப்போது அந்தச் சபையில் முதல் தடவை உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். போர்க்காலத்தில் அடிமை முறையில் கைவைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1836-லேயே ஆடம்ஸ் சொல்லியிருந்தார். 1863-ல் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டதும் போர்க்கால அதிகாரத்தின் பேரில்தான்.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

நம் மக்களவை விதிகளிலும் மனுவுக்கு இடம் உண்டு. மனு சபையை நோக்கி, மரியாதையான மொழியில் எழுதப்பட வேண்டும். கையெழுத்திட்டவர்களின் பெயர், முகவரி வேண்டும். ஒரு எம்.பி. மேலொப்பம் இட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யும்போது விவாதம் கிடையாது. அதன் பிறகு மனு, 15 உறுப்பினர்கள் கொண்ட மனுக்கள் குழுவுக்குப் போகும். அமைச்சர்கள் அந்தக் குழுவில் இருக்க முடியாது. நம் சட்டப்பேரவைக்கும் மனுக்கள் குழு உண்டு. மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

விவாதம் கிடையாது என்ற விதி இங்கேயும் இருக்கிறதே, இதுவும் வாய்ப்பூட்டுதானா? இல்லை. இது எல்லா மனுவுக்கும் ஒன்றுபோல் பொருந்தும். சபையின் நேரத்தை மிச்சப்படுத்த வந்தது. பேசுவதற்குக் குழு என்ற வேறு இடமும் இருக்கிறது. 1836-ல் வந்தது அப்படி அல்ல. ஒரு விஷயத்தை மட்டும் பொறுக்கியெடுத்து, அதற்கு எல்லாக் கதவையும் சாத்தியது. நடைமுறை விதி என்ற சட்டை போட்டுக்கொண்டு வந்த தடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இந்த விதி எல்லோருக்குமா, சிலருக்கு மட்டுமா?

அதிபராக ஆடம்ஸ் செய்தது என்ன என்று கேட்டால் அமெரிக்கர்களே யோசிப்பார்கள். அவர் பெயர் நிலைத்தது, அடுத்தவர் எழுதிய மனுவைக் கையில் பிடித்தபடி, உட்காருங்கள் என்ற கூச்சலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த அந்த ஆண்டுகளால்தான். அந்த மனுக்களில் பலவும், கையெழுத்துகள் மங்காமல், இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.